நாற்பது ஆண்டு பின்னால் ஆடும் தொட்டில்

1980இல் அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 10.9 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்தார்கள். 2022இல் அதே நாட்டில் பிறந்த கறுப்பினக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 10.86 பேர் இறந்தார்கள். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில் பிறக்கும் இரு குழந்தைகளில் ஒன்று 2022இல் பிறக்கிறது. மற்றது 1980இல் பிறக்கிறது.

இந்த நாற்பது ஆண்டுகளில் வெள்ளையினக் குழந்தைகளின் மரண விகிதம் 4.52 ஆக இறங்கிவிட்டது. 1980இல் கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 22.2. அன்று வெள்ளையினத்தைப் போல இரு மடங்கு, இன்று 2.4 மடங்கு. (பழைய கணக்கில் ஹிஸ்பானிக், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளையும் வெள்ளையினத்தில் சேர்த்தே எண்ணினார்கள். ஆகவே இது நூல் பிடித்தாற்போன்ற ஒப்பீடு இல்லை. ஆனால் போக்கு இதுதான்.) மருத்துவம் வளர்ந்தது, இரு தரப்பிலும் சாவு குறைந்தது, இடைவெளி மட்டும் மூடவில்லை. 2022இல் நாடு முழுவதும் 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு வயதைத் தொடாமல் போயின. மொத்த விகிதம் 5.44இலிருந்து 5.60க்கு ஏறியதும் அந்த ஆண்டில்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கணிசமாக ஏறியது அதுவே முதல் முறை. பூர்வகுடி அமெரிக்கக் குழந்தைகளின் விகிதம் ஒரே ஆண்டில் 7.46இலிருந்து 9.06 ஆனது. அவர்களுடைய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே கறுப்பினக் குழந்தைகளோடு நிற்கிறேன்.

இந்த இடைவெளியைக் குறைக்க அமெரிக்க நகரங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சமூக ஆதரவுத் திட்டங்கள் நடக்கின்றன. வீடு தேடி வரும் செவிலியர், பிரசவத் துணை, இலவசத் தொட்டில், வாடகை உதவி, கையில் பணம் எனப் பல வகை. இவற்றில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை, ஏன்? பதில் சொல்வதற்கு முன் குழந்தைகள் எதனால் இறக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். பல திட்டங்கள் சறுக்கியது இந்தக் கேள்வியில்தான்.

பணமா, படிப்பா, மரபணுவா?

முதலில் எவருக்கும் தோன்றுவது வறுமை. கறுப்பினத்தவரில் ஏழைகள் அதிகம், ஏழைகளின் குழந்தைகள் அதிகம் இறக்கும், அவ்வளவுதானே? 1992இல் ஒரு ஆய்வு இந்த எண்ணத்தை உலுக்கியது. தாய், தந்தை இருவருமே கல்லூரிப் பட்டதாரிகளாக உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கறுப்பினப் பட்டதாரிகளின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 10.2 மரணம், வெள்ளையினப் பட்டதாரிகளின் குழந்தைகளில் 5.4. படிப்பு ஏறியும் இடைவெளி மூடவில்லை. முப்பது ஆண்டு கழித்துக் கலிஃபோர்னியாவின் பிறப்புப் பதிவுகளையும் வருமான வரிப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள் இன்னும் கசப்பான ஒன்றைச் சொன்னார்கள்: அங்குள்ள மிகப் பணக்காரக் கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள், மிக ஏழை வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளை விட மோசமான நிலையில் பிறக்கின்றன.

அப்படியென்றால் மரபணுவா? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1997இல் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரு சிகாகோ மருத்துவர்கள் இல்லினாய் மாநிலத்தில் மூன்று வகைத் தாய்மாரின் குழந்தைகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,089 கிராம். மரபணுதான் காரணமென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்களின் குழந்தைகள்தான் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும். அவையோ வெள்ளையினக் குழந்தைகளை ஒட்டி நிற்கின்றன. அதே குழு 2002இல் அடுத்த தலைமுறையைப் பார்த்தது. குடியேறிய வெள்ளையினப் பெண்களின் மகள்கள் தங்கள் தாயை விடக் கனமான குழந்தைகளைப் பெற்றார்கள். குடியேறிய கறுப்பினப் பெண்களின் மகள்கள் தங்கள் தாயை விட எடை குறைந்த குழந்தைகளைப் பெற்றார்கள். கப்பலோ விமானமோ ஏறி வந்த ரத்தம் மாறவில்லை. ஒரு தலைமுறை அமெரிக்காவில் வாழ்ந்ததுதான் மாறியது.

இந்த இடத்தில் ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பொதுச் சுகாதார அறிஞர் வருகிறார். பதின்வயதில் பிள்ளை பெறுவதுதான் சிசு மரணத்துக்குக் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வயது வாரியாகக் கணக்கைப் பிரித்தார். வெள்ளையினப் பெண்களுக்கு இருபதுகளில் பிறக்கும் குழந்தைகளே பதின்வயதில் பிறந்தவற்றை விட நன்றாகப் பிழைத்தன. கறுப்பினப் பெண்களுக்கு அது தலைகீழாக இருந்தது. வயது ஏற ஏறக் குழந்தையின் நிலை மோசமானது. 1992இல் அவர் இதற்கு 'வெதரிங்' என்று பெயர் வைத்தார். வெயிலும் மழையும் பட்டுக் கல் அரிபடுவதையும் அச்சொல் குறிக்கும். புயலைத் தாக்குப்பிடிப்பதையும் குறிக்கும். வேலையில் அவமதிப்பு, வாடகை வீடு தேடினால் மூடும் கதவு, காவல்துறையைக் கண்டால் வரும் படபடப்பு, குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு நோய் என்று ஒவ்வொரு நாளும் உடல் தாங்கிக்கொண்டே வருகிறது. அப்படித் தாங்கியதற்கான விலையை இதயமும் ரத்தக் குழாய்களும் கருப்பையும் கொடுக்கின்றன.

விளைவு குறைப்பிரசவம். 2022இல் கறுப்பினத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் 14.6 சதவீதம் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தன, வெள்ளையினத்தில் 9.4 சதவீதம். மரண இடைவெளியின் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது, அதிலும் குறிப்பாக ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே பிறக்கும் மிகச் சின்னக் குழந்தைகளிடம். பிறந்த பின் தூக்கத்தில் நேரும் மரணம் அடுத்த பெரிய பங்கு.

இதற்குள் ஒரு முரணும் உண்டு. குறைப்பிரசவக் குழந்தைகளின் நுரையீரலை விரியவைக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு 1990இல் அனுமதி கிடைத்தது. 1994இல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் பிரசாரம் நாடு முழுக்கத் தொடங்கியது. இரண்டும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தன. இரண்டுமே வெள்ளையினக் குழந்தைகளுக்குக் கூடுதலாகப் பயன்பட்டதால் இடைவெளி அகன்றது. நல்ல மருத்துவமும் நல்ல அறிவுரையும் வந்தால் ஏற்கெனவே வசதியாக இருப்பவரைத்தான் முதலில் சேரும். அதை மறுபக்கம் கொண்டுசேர்க்க ஒரு ஆள் வேண்டும். சமூகத் திட்டங்கள் என்பவை, எளிமையாகச் சொன்னால், அந்த ஆள்.

மிசிசிப்பியில் மருந்துச் சீட்டில் எழுதிய சாப்பாடு

இடைவெளி உண்மையிலேயே சுருங்கிய ஒரு காலம் அமெரிக்க வரலாற்றில் உண்டு. இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது அந்தக் காலம்தான்.

1964இன் குடிமை உரிமைகள் சட்டம் அரசுப் பணம் வாங்கும் நிறுவனங்கள் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. 1966இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்தபோது தெற்கு மாநில மருத்துவமனைகளுக்கு முன்னால் ஒரு நேரடியான பேரம் வைக்கப்பட்டது: கறுப்பின நோயாளிகளையும் ஒரே வாசல் வழியாக விடு, இல்லையென்றால் மெடிகேர் பணம் கிடையாது. பணத்தின் முன் பல பத்தாண்டுக் கொள்கை சில மாதங்களில் சரிந்தது. மிசிசிப்பியில் அதற்குப் பின்னான சில ஆண்டுகளில், பிறந்து ஒரு மாதம் தாண்டிய கறுப்பினக் குழந்தைகளின் மரணம் செங்குத்தாக இறங்கியதைப் பிற்காலத்தில் பொருளாதார அறிஞர்கள் ஆவணப்படுத்தினார்கள். வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் கண்ட குழந்தையை மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பாமல் உள்ளே சேர்த்ததுதான் அங்கே நடந்த அதிசயம்.

ஆனால் வாசல் திறந்தால் போதுமா? அதே மிசிசிப்பியின் டெல்டா பகுதியில், விடுதலையான அடிமைகள் 1887இல் தாங்களே நிறுவிய மௌண்ட் பேயூ என்ற சிற்றூர் இருக்கிறது. 1967இல் அங்கே ஜாக் கெய்கர் என்ற மருத்துவரும் ஜான் ஹாட்ச் என்ற சமூக அமைப்பாளரும் சேர்ந்து ஒரு சுகாதார மையத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் இரண்டு சமூக சுகாதார மையங்களில் அது ஒன்று. கெய்கர் மாணவப் பருவத்தில் தென்னாப்பிரிக்காவின் ஃபொலேலாவில் சிட்னி கார்க் நடத்திய சுகாதார மையத்தில் பயின்றவர். நோயை அதன் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதை அங்கே கற்றுவந்தார்.

டெல்டாவில் அவர் கண்ட நோயின் பெயர் பசி. பருத்தி பறிக்க இயந்திரம் வந்து வேலை போன குடும்பங்கள், நோஞ்சான் குழந்தைகள். மையத்தின் மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். உள்ளூர்க் கறுப்பினக் கடைக்காரர்கள் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தார்கள். பணம் மையத்தின் மருந்தகக் கணக்கிலிருந்து போனது. மருந்துக்கான பணத்தில் மளிகையா என்று மேலிடத்தில் ஆட்சேபம் எழுந்தது. ஊட்டக்குறைவுக்கு மருந்து சாப்பாடு என்றுதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று கெய்கர் பதில் சொன்னார். பிறகு சீட்டோடும் நிற்கவில்லை. கிணறு வெட்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் கூட்டுறவுப் பண்ணை தொடங்கிப் பருத்தி விளைந்த மண்ணில் காய்கறி விளைவித்தன.

சட்டமும் காசும் மேலிருந்து வந்தன. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்த அந்தச் சில ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டுதான் பிற்காலத் திட்டங்களை அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிந்தியவற்றில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருந்தது.

ஒன்பது மாதத்தில் எவ்வளவு முடியும்?

1991இல் மத்திய அரசு 'ஹெல்தி ஸ்டார்ட்' திட்டத்தைத் தொடங்கியது. சிசு மரணம் தேசிய சராசரியைப் போல ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ உள்ள 15 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஐந்தே ஆண்டில் மரணத்தைப் பாதியாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஐந்து ஆண்டில் பாதி! இலக்கு எட்டப்படவில்லை. கர்ப்பிணிகள் மருத்துவரிடம் வருவது பல இடங்களில் கூடியது. மரண விகிதத்தில் அந்த அளவுக்கு மாற்றமில்லை. ஆனாலும் திட்டத்தை மூடவில்லை. இன்று நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1989இல், கலிஃபோர்னியா தன் மாநிலத்தில் கறுப்பினக் குழந்தை நலத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதில் கர்ப்பிணிகள் குழுவாகக் கூடிப் பேசுவதே முக்கியம்.

வீடு தேடிப் போகும் செவிலியர் திட்டங்களின் கதை இன்னும் சிக்கலானது. டேவிட் ஓல்ட்ஸ் என்ற உளவியலாளர் 1977இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் தொடங்கிய முறை இது. முதல் குழந்தையைச் சுமக்கும் ஏழைப் பெண்ணின் வீட்டுக்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரே செவிலியர் போய்வருவார். 1990இல் தொடங்கிய மெம்ஃபிஸ் சோதனையில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினப் பெண்கள். இருபது ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, செவிலியர் வராத குழுவில் 1.6 சதவீதக் குழந்தைகள் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்திருந்தார்கள். செவிலியர் வந்த குழுவில் அப்படி ஒரு மரணம்கூட இல்லை. இதைப் படித்தால் நாடு முழுக்க இதையே செய்யலாமே என்று தோன்றும். தென் கரோலினா அப்படித்தான் செய்துபார்த்தது. 5,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்த பெரிய சோதனை. 2022இல் வெளியான முடிவின்படி குறைப்பிரசவம், எடைக் குறைவு, மரணம் போன்ற பாதகங்கள் இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றே: ஒன்றில் 26.9 சதவீதம், மற்றதில் 26.1.

செவிலியர்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருளில்லை. சிகாகோ மருத்துவர்கள் ரிச்சர்ட் டேவிட்டும் காலின்ஸும் எடைபோட்டதை நினைத்துக்கொண்டால் முடிவு ஆச்சரியமும் தராது. முப்பது ஆண்டில் உடலில் சேர்ந்த தேய்மானத்தை, கர்ப்பத்தின் நான்காவது மாதத்தில் கதவைத் தட்டும் ஒருவர் எப்படி அழிப்பார்? ஆனால் பிறந்த பின் குழந்தையைக் காப்பதில் அவர் வருகை பயன்படலாம். மெம்ஃபிஸ் கணக்கு அதைத்தான் காட்டுகிறது. எந்த மரணத்தை எந்தத் திட்டம் தொட முடியும் என்பதைப் பிரித்துப் பார்க்காமல், எல்லாத் திட்டத்தையும் ஒரே விகிதத்தால் அளந்து வென்றது, தோற்றது என்கிறோம்.

பால்டிமோர் இதைப் புரிந்துகொண்ட நகரம். 2009இல் அங்கே சிசு மரணம் ஆயிரத்துக்கு 13.5. அந்த ஆண்டு நகரச் சுகாதாரத் துறை 'பி-மோர் ஃபார் ஹெல்தி பேபீஸ்' என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கியது. முதலில் கை வைத்தது தூக்க மரணத்தில். செய்தி நாலே வார்த்தை: தனியாக, மல்லாந்து, தொட்டிலில், எப்போதும். சொன்னவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர். தூக்கத்தில் குழந்தையைப் பறிகொடுத்த பால்டிமோர் தாய்மாரே காணொளியில் பேசினார்கள். அதைப் பிரசவ மருத்துவமனைகளில், தாய் வீடு திரும்பும் முன் போட்டுக் காட்டினார்கள். தொட்டில் இல்லாத வீட்டுக்குத் தொட்டிலும் கொடுத்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இது விநோதமாகப் படலாம். தாயின் அணைப்பில் பிள்ளை தூங்குவதுதானே நமக்கு வழக்கம். அமெரிக்காவிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது வழக்கம்தான். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கச் சொல்கிறார்களே என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே ஆபத்து அணைப்பில் மட்டும் இல்லை. புதைகிற மெத்தை, தலையணைக் குவியல், போர்வை, இரவுப் பணி முடித்து வந்த தாய் பிள்ளையோடு கண்ணயரும் சோபா என எல்லாம் சேர்கிறது. கட்டில் ஒன்று, அதில் நால்வர் என்ற வீட்டில் 'தனியாகப் படுக்கவை' என்ற அறிவுரைக்கு மட்டும் என்ன பொருள்? தொட்டிலையும் கூடவே கொடுத்தால்தான் அது அறிவுரை. பால்டிமோரின் விகிதம் 2012இல் 9.7க்கும், 2015இல் 8.4க்கும் இறங்கியது. அதன் பிறகு அந்த வேகம் இல்லை. தொட்டிலால் தடுக்கக்கூடியதைத் தொட்டில் தடுத்தது. குறைப்பிரசவம் தொட்டிலுக்கு அப்பாற்பட்டது.

பக்கத்தில் நிற்கும் ஒருத்தி

தெற்கு மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை கறுப்பினக் குழந்தைகளில் மிகப் பலவற்றைக் கையில் ஏந்தியவர்கள் கறுப்பின மருத்துவச்சிகள். 'கிரானி' என்று ஊரார் அழைத்த அந்த மூதாட்டிகளை, சுத்தமில்லை, படிப்பில்லை என்று சொல்லி மாநிலச் சட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கின. பிரசவம் மருத்துவமனைக்குப் போனது. அது பல உயிர்களைக் காத்தது என்பதில் சந்தேகமில்லை. வலியெடுத்த பெண்ணின் பக்கத்தில் அவள் ஊர்க்காரி நிற்பது மட்டும் அதோடு போயிற்று.

இன்று 'டூலா' என்று அமெரிக்கர்கள் சொல்வது ஒரு வகையில் அந்த இடத்தை நிரப்பும் முயற்சி. டூலா பிரசவம் பார்ப்பவர் அல்லர். மாதாமாதம் வந்து பேசுவார், மருத்துவரிடம் என்ன கேட்பது என்று சொல்லித் தருவார், வலி நேரத்தில் கூட நிற்பார், பால் கொடுக்கப் பழக்குவார். "தலை வலிக்கிறது, கண் மங்குகிறது" என்று கர்ப்பிணி சொல்லும்போது செவிலியர் காதில் வாங்காமல் போனால், திரும்பக் கூப்பிட்டு நிறுத்துவார். நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஹெல்தி ஸ்டார்ட்டின் கீழ் 2010இல் தொடங்கிய டூலாத் திட்டத்தில் பங்கேற்ற பெண்களுக்குக் குறைப்பிரசவம் 6.3 சதவீதம், அதே பகுதியில் மற்றவர்களுக்கு 12.4. எடைக் குறைவு 6.5க்கு எதிராக 11.1.

கண்ணைப் பறிக்கும் எண்கள்தான். ஆனால் டூலாவைத் தேடி வரும் பெண் ஏற்கெனவே தன் உடல்நலத்தில் அக்கறை உள்ளவளாக இருக்கலாம். மிகச் சீக்கிரம் பிரசவமாகிவிட்டவர்கள் திட்டத்தில் சேரவே நேரம் இருந்திருக்காது. சீட்டுப் போட்டுப் பிரிக்காத எந்த ஒப்பீட்டிலும் இந்த ஓட்டை உண்டு. இந்தத் துறையில் இதை மறந்ததால் வந்த தலைகுனிவு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபுளோரிடாவின் 1992 முதல் 2015 வரையிலான 18 லட்சம் பிறப்புகளை வைத்து, கறுப்பின மருத்துவர் பார்த்தால் கறுப்பினக் குழந்தையின் கூடுதல் மரண அபாயம் பாதியாகிறது என்று 2020இல் ஒரு ஆய்வு சொன்னது. செய்தித்தாள்களில் பறந்தது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மாற்றுக் கருத்து வரை போனது. 2024இல் வேறு இருவர் அதே தரவை எடுத்து, குழந்தை ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறந்ததா என்பதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். பிழைப்பதே அரிதான அந்தச் சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் வெள்ளையின மருத்துவர்களிடம் போயிருந்தன. அதைச் சரிசெய்ததும் விளைவு ஏறக்குறைய மறைந்துபோனது. நல்ல நோக்கத்துக்குத் தவறான எண் உதவாது. அது பிடிபடும் நாளில் நல்ல நோக்கமும் சேர்ந்து அடிபடும்.

டூலாவுக்கு யார் பணம் தருவது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் பத்துப் பிரசவத்தில் நான்குக்கு ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீடுதான் பணம் செலுத்துகிறது. ஓரிகனும் மினசோட்டாவும் முதலில் டூலாவை அதில் சேர்த்தன. கலிஃபோர்னியா 2023 ஜனவரியில் சேர்த்தது. இதை விடப் பெரிய மாற்றம் ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. முன்பெல்லாம் பிரசவமாகி 60 நாளில் பல தாய்மாரின் மெடிக்கெய்ட் முடிந்துவிடும். 2021இல் வந்த சட்டம் அதை ஓராண்டாக நீட்டிக்க மாநிலங்களுக்கு வழி தந்தது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் நீட்டித்துவிட்டன.

ஒஹாயோவின் மேன்ஸ்ஃபீல்டில் சாரா ரெட்டிங், மார்க் ரெட்டிங் என்ற மருத்துவத் தம்பதி வேறொரு வழியைப் பிடித்தார்கள். அலாஸ்காவில் பணிபுரிந்தபோது, சாலையே இல்லாத கிராமங்களில் உள்ளூர்வாசிகளே பயிற்சி பெற்றுச் சுகாதாரப் பணியாளராக இருப்பதைப் பார்த்தவர்கள். அதை ஒஹாயோ நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்க் கிராம சுகாதார செவிலியரைப் போல அரசு நியமித்து அனுப்பும் ஆள் அல்ல; அதே தெருவில் வாழும் பெண். ஆபத்தில் உள்ள கர்ப்பிணியைக் கண்டுபிடித்து, அவளுடைய ஒவ்வொரு சிக்கலையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு, அது தீர்ந்த பிறகுதான் அவருக்குப் பணம். 'பரிந்துரைத்தேன்' என்று எழுதினால் போதாது. வீடு கிடைத்ததா, மருத்துவரைப் பார்த்தாளா என்பதுதான் கணக்கு. அந்தத் திட்டத்தில் இருந்த பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை 6.1 சதவீதம், ஒப்பிட்ட பெண்களுக்கு 13. இங்கும் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் பணத்தை வேலையின் முடிவோடு கட்டிய அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கிறது.

வாடகையும் ரொக்கமும்

அண்மைக்கால முயற்சிகள் மௌண்ட் பேயூவின் வழிக்குத் திரும்புவது போலத் தெரிகிறது. நடத்தையைத் திருத்துவதை விட்டுவிட்டு, இல்லாததைக் கொடுப்பது. ஒஹாயோவின் கொலம்பஸில் நூறு கர்ப்பிணிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாடகை உதவியும் வீடு தேடித்தரும் துணையும் கொடுத்துப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்களின் 51 குழந்தைகளில் 40 முழு மாதத்தில், நல்ல எடையோடு பிறந்தன. பெறாதவர்களின் 44 குழந்தைகளில் 24. சிறிய சோதனைதான், அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும், இரவு எந்த உறவினர் வீட்டுத் தரையில் படுப்பது என்று தெரியாத கர்ப்பிணிக்குச் சத்துணவுத் துண்டுப் பிரசுரம் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை அது வலுவாக எழுப்புகிறது. ஈயம் கலந்த குடிநீரால் உலகச் செய்தியான மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் 2024 ஜனவரியில் இன்னும் ஒரு படி போனது. கர்ப்பிணி யாராக இருந்தாலும், வருமானம் கேட்காமல், கர்ப்பத்தின்போது 1,500 டாலர். குழந்தை பிறந்தபின் ஓராண்டு மாதம் 500 டாலர். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா முன்னின்று நடத்தும் அத்திட்டத்தின் தொடக்கக் கணக்குகளில் குறைப்பிரசவமும் எடைக் குறைவும் இறங்கியிருக்கின்றன.

நிதானமாக இருக்கச் சொல்லும் ஊர் ஒன்றும் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் டேன் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), மேடிசன் நகரம் இருக்கும் இடம். 1990 முதல் 2001 வரை அங்கே கறுப்பினச் சிசு மரணம் ஆயிரத்துக்கு 19.4. 2002 முதல் 2007 வரை 6.4. இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இல் அதைத் தன் வாராந்திர அறிக்கையில் வெளியிட்டது. எல்லோரும் ஓடிப்போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். மிகச் சீக்கிரம் பிறக்கும் குழந்தைகள் குறைந்திருந்தன என்பது தெரிந்தது; அது எதனால் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை. தெற்கு மேடிசனின் சமூக மையங்களா, நல்ல வேலை வாய்ப்பா, மகப்பேறு உதவிகளா? விவாதம் முடிவதற்குள், பொருளாதாரச் சரிவு வந்த ஆண்டுகளில், இடைவெளி திரும்பி வந்துவிட்டது. சிறிய கவுண்டியில் எண்ணிக்கை சிறியது, ஏற்ற இறக்கம் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஆறு ஆண்டு நிலைத்த இறக்கத்தை வெறும் தற்செயல் என்று தள்ளவும் மனம் வரவில்லை. பொருளாதாரம் தள்ளாடியதும் அது கைவிட்டுப் போனதை மட்டும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

2025 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலம் சிசு மரணத்தைப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தது. முந்தைய ஆண்டில் மொத்த விகிதம் ஆயிரத்துக்கு 9.7, கறுப்பினக் குழந்தைகளில் அதைவிட வெகு மேலே. ஏழை உழைப்பாளிகளுக்கு மெடிக்கெய்ட்டை விரிவாக்க மறுத்துவரும் மாநிலங்களில் அதுவும் ஒன்று; பிரசவித்த தாய்க்கு ஓராண்டுக் காப்பீடு தரவே 2023 வரை இழுத்தது. அதே 2025 ஏப்ரலில், தாய்மாரிடம் கர்ப்ப கால அனுபவத்தைக் கேட்டுத் தொகுக்கும் தேசியக் கணக்கெடுப்பை நடத்திவந்த மத்தியக் குழுவை வாஷிங்டன் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அவசரநிலை அறிவிப்பில் சொன்ன மருந்துகளில் சமூக சுகாதாரப் பணியாளர்களை அதிகப்படுத்துவதும் இருக்கிறது.

மௌண்ட் பேயூ மையம் இன்னும் திறந்திருக்கிறது. கெய்கர் 2020இல் காலமானார். மேலிடம் முகம் சுளித்த அவருடைய சாப்பாட்டுச் சீட்டு, 2018இன் விவசாயச் சட்டத்தில் மத்திய அரசின் மானியத் திட்டமாக இடம்பெற்றது; மருத்துவர்கள் காய்கறியும் பழமும் எழுதித் தருகிறார்கள், கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார்.